பொட்டலம் ஏறிய கூண்டு

ஆஸ்பத்திரியக்கா ஒரு துண்டை மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வருவதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள் இஸ்திரிக்காரி. கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அண்ணே, அடுத்த விருந்தாளி வந்தாச்சு" என்று பக்கத்துக் கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கொட்டகையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. அண்ணன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் வாய் திறந்திருக்கப் போவதில்லை.

மூன்று பேர் இருக்கிற வீடு அது. வாசலில் இஸ்திரி மேசை, பக்கவாட்டில் வெல்டரின் தகரக் கொட்டகை, உள்ளே ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் குளியலறை. வெல்டரின் மனைவியைத் தெருவே ஆஸ்பத்திரியக்கா என்றுதான் கூப்பிடும். அது மனுஷ ஆஸ்பத்திரி இல்லை, நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற இடம். அங்கே தரை கழுவுவதும், ரத்தம் பட்ட துணியை அலசுவதும், டாக்டரம்மா ஊசி போடும்போது கடிக்க வருகிற வாயைப் பிடித்துக்கொள்வதும் அக்காவின் வேலை. இஸ்திரிக்காரி வெல்டரின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கை நீட்டினான் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம், அவன் சட்டையைத் தேய்த்தால் திட்டு கிடைக்கும், ஊரார் சட்டையைத் தேய்த்தால் காசு கிடைக்கும் என்று சொல்லி வாயை அடைத்தவள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கம்மி. உடம்பைக் கிழித்துத் தைத்த பிறகு ஆறுவதற்கு இடம் வேண்டும். சொந்தக்காரன் இருக்கிற நாய் வீட்டுக்குப் போகும். சொந்தக்காரன் இல்லாத நாய் எங்கே போகும்? ஒருநாள் டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். அப்போது ஆரம்பித்த வழக்கம் இது. உருவத்தில் சின்ன நாய்களாகப் பார்த்துத்தான் கொண்டுவருவாள். பெரிய நாய்க்கு வீட்டில் இடமில்லை. கண் அவிந்தது, காது அழுகியது, இடுப்பு ஒடிந்தது என்று ஒவ்வொன்றாக வந்து, தேறி, யாரோ ஒரு நல்ல வீட்டுக்குப் போய்ச் சேரும். எதிர்வீட்டுக்காரர் ஒரு தடவை வேலியோரம் நின்று, "தெருவே நாறுதும்மா, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டார். அக்கா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். "நாத்தம் நாய் மேல இல்லீங்க. அதை அப்படிப் போட்டுட்டுப் போனான் பாருங்க, அவன் மேல. அவனைக் காட்டுங்க, அவனையும் குளிப்பாட்டி விடறேன்" என்றாள். அதற்கப்புறம் அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வதோடு சரி.

அன்றைக்குத் துண்டுக்குள் இருந்தது முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பெட்டை நாய். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, மழையில் ஊறிய அட்டைப் பெட்டியில், சணல் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்ததாம். பெட்டியைப் பிரித்தபோது தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லையாம். முடி முழுக்கச் சிக்குப் பிடித்து, மிதியடி மாதிரி கெட்டியாகி, உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. கத்தரியும் மெஷினும் மாற்றி மாற்றிப் போட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஒரே பாளமாக உரித்தெடுத்தார்களாம். உள்ளேயிருந்து பாதி அளவில் இன்னொரு நாய் வந்தது. நகங்கள் வளைந்து வளர்ந்து பாதத்துக்குள்ளேயே குத்தியிருந்தன. வாயில் இருந்த பல் எல்லாம் ஆடியது; பிடுங்கிவிட வேண்டியிருந்தது. கண் இரண்டும் பீளை கட்டிப் பசை போட்டு ஒட்டியது போல இருந்தது. அதெல்லாம் போகட்டும், வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்றைக்கே மயக்க ஊசி போட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, பிழைத்தது. அஞ்சு வயசுகூட இருக்காது, பெத்துப் பெத்தே தேஞ்சிருக்கு, யாரோ வியாபாரத்துக்கு வச்சிருந்திருக்கான் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

இஸ்திரிக்காரி எட்ட நின்று எட்டிப் பார்த்தாள். நாயைத் தொடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்ன அண்ணி இது, உரிச்ச கோழி மாதிரி இருக்கு. நாய்தானா, நல்லாப் பாத்தீங்களா?"

"உன் வாய்க்கு பயந்துதான் அது வாலை உள்ள இழுத்துக்கிச்சு."

"பேரு என்ன?"

"பேரா? பொட்டலமா கட்டி வந்துச்சு."

அன்று முதல் அதன் பெயர் பொட்டலம்.

வெல்டர் வேலை முடித்து வந்து, கை கழுவிவிட்டு, நாயின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். பாதம் ஒரு பூ விரிந்த மாதிரி அகண்டு கிடந்தது. விரல்களுக்கு நடுவே சதை வீங்கி, வெடித்து, காய்ந்திருந்தது. இரும்பில் கீறி, நெருப்பில் சுட்டு, காயம் பார்த்துப் பழகிய ஆள்தான். அவருக்கே முகம் சுருங்கியது. "எந்தப் பாவி செஞ்ச வேலையோ, அவன் காலும் இப்படி ஆகணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்ட வேலை. காலையில் கண்ணை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். தையல் போட்ட இடத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. அந்தக் கூம்போடு அது போகிற இடமெல்லாம் கதவில் முட்டும், சட்டியில் முட்டும். பல் போன வாய்க்குச் சோற்றையும் வேகவைத்த கோழியையும் மசித்துக் கூழாக்கி, விரலில் எடுத்து நாக்கில் தடவ வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் அதுவும் உள்ளே போகவில்லை. அக்கா தரையில் படுத்து, தன் மூஞ்சியை அதன் மூஞ்சிக்கு நேராக வைத்துக்கொண்டு, "நீ சாப்பிடலைன்னா நானும் எழுந்திரிக்க மாட்டேன், பாத்துக்கோ. எனக்கென்ன, நாளெல்லாம் தரை கழுவின உடம்பு, தரையிலேயே கிடக்கும்" என்று சண்டை போட்டாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு விரலை நக்கியது. தோலுக்கு மருந்துத் தண்ணீரில் குளிப்பு. மழைக்காலமானதால் குளித்த நாயை உலர்த்த வெயில் இல்லை. இஸ்திரிக்காரிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய துண்டுகளைப் பெட்டி வைத்துச் சூடாகத் தேய்த்து உள்ளே தூக்கிப் போடுவாள். "தொட்டுச் சுத்தி விடேன்" என்று அக்கா சொன்னால், "பிடிச்சுக்கிட்டு இருக்கறது உங்க வேலை, சூடு பண்றது என் வேலை" என்பாள். கொஞ்ச நாளில் ஒரு மழை மதியம் அக்கா வரத் தாமதமானபோது, நடுங்கிக்கொண்டிருந்ததை அவளே துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "நான் தூக்கல. அதுவா ஏறுச்சு" என்றாள். பொட்டலத்துக்கு அப்போது ஒரு படி ஏறக்கூடத் தெரியாது.

நடக்கவே தெரியவில்லை என்பதுதான் விசித்திரம். கால் ஆறிய பிறகும், தரையில் விட்டால் ஒவ்வொரு பாதத்தையும் உயரத் தூக்கி, எங்கே வைப்பது என்று தேடித் தேடி வைக்கும். சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அது கெட்டிக்காரி என்று வீடே பெருமைப்பட்டது. மற்ற நாய்கள் வந்த புதிதில் கூடம், அடுப்படி, வெல்டரின் செருப்பு என்று பேதம் பார்க்காது. பொட்டலம் அப்படி இல்லை. ஒன்றுக்கு வந்தாலும் இரண்டுக்கு வந்தாலும் நேராகக் குளியலறைக்குப் போகும். தண்ணீர் வடிகிற இரும்புக் கம்பி மூடி இருக்கிறதல்லவா, அதன் மேல் நாலு காலையும் வைத்து நின்று, காரியத்தை முடித்துக்கொண்டு, கம்பிக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தாமல் வரும்.

இஸ்திரிக்காரி இதைத் துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "பெரிய இடத்துப் பொண்ணுங்க. நல்லா வளர்த்திருக்காங்க. எங்க அண்ணனுக்கே இந்தப் பழக்கம் இன்னும் வரல" என்பாள். சிலர் குளியலறை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவும் ஆஸ்பத்திரியில் சொல்லி மகிழ்ந்தாள். முன்னொரு காலத்தில் எந்தப் புண்ணியவதியோ மடியில் வைத்துப் பழக்கியிருக்கிறாள், அப்புறம்தான் கெட்ட கைக்குப் போயிருக்கிறது என்று ஒரு கதையே கட்டி வைத்திருந்தாள்.

கொட்டகையில் அந்தச் சமயத்தில் பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஷெட் போட்டு நாய்க்குட்டி விற்கிற ஒருவர். எல்லோருக்கும் அவர் குட்டிக்காரர். அவருக்கு அடுக்குக் கூண்டுகள் வேண்டும். வெல்டருக்கு அவர்தான் நிரந்தரக் கிராக்கி. கேட் கதவு, ஜன்னல் என்று வருகிற சில்லறை வேலை வரும், போகும். அடுப்பு எரிவது கூண்டால்தான். அதிலும் இந்தக் கூண்டு வெல்டரின் சொந்த மூளை. முன்பெல்லாம் அடியில் தகடு போட்டுச் செய்ததில் அழுக்கு தேங்குகிறது, தினம் கழுவ ஆள் வேண்டியிருக்கிறது என்று குட்டிக்காரர் அலுத்துக்கொண்டார். சில வருஷத்துக்கு முன் வெல்டர் யோசித்து, தரைக்குப் பதில் கம்பி வலையைப் போட்டு, அதற்குக் கீழே இழுக்கிற மாதிரி ஒரு தட்டு வைத்துக் கொடுத்தார். எல்லாம் தானாகக் கீழே விழும், தட்டை மட்டும் கவிழ்த்தால் போதும். குட்டிக்காரர் அவர் தோளில் தட்டி, "மாஸ்டர், உங்களுக்கு இருக்கிற மூளைக்கு நீங்க இந்தக் கொட்டகையிலயா இருக்கணும்" என்றார். வெல்டர் அன்றைக்குச் சாப்பிடும்போது அதை இரண்டு தடவை சொன்னார். வண்டி வரும், கூண்டை ஏற்றிப் போகும். ஷெட்டை அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

கொட்டகைக்குள் நாய் வரக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். பொறி பட்டால் கண் போய்விடும். ஒரு மதியம் கரண்ட் போனது. வேலை நின்றதால் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வெல்டர் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அன்று விடுமுறை. வாசலில் நாத்தனாருக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் அவள் காலடியிலிருந்து எழுந்து, கொக்கு நடை நடந்து, கொட்டகைக்குள் போனது.

"பாருங்க, மேஸ்திரியம்மா போறாங்க, வேலை எப்படி நடக்குதுன்னு பாக்க" என்றாள் இஸ்திரிக்காரி.

வெல்டரும் சிரித்தார். வேலை முடிந்த கூண்டு ஒன்று கதவு திறந்தபடி தரையில் இருந்தது. பொட்டலம் அதன் முன்னால் நின்றது. ஒரு படி ஏறத் தெரியாத நாய், முன்னங்காலை உள்ளே வைத்து, ஒரு உந்து உந்தி, சர்வசாதாரணமாக ஏறியது. வலைமேல் அது நடந்த நடையில் தடுமாற்றமே இல்லை. ஒவ்வொரு பாதமும் ஒவ்வொரு கம்பியைப் பார்க்காமலே கண்டுபிடித்தது. அகண்டு விரிந்த அந்த விரல்கள் கட்டத்துக்குக் கட்டம் கச்சிதமாக மாட்டிக்கொண்டன. உள்ளே போய் மூலையில் ஒரு சுற்று சுற்றி, வெளியைப் பார்க்காமல் கொட்டகையின் தகரச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பின்னங்காலை மடக்கி ஒன்றுக்குப் போனது. எல்லாம் சிந்தாமல் கீழே தட்டில் விழுந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

இஸ்திரிக்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது. குளியலறைக் கம்பி மூடியும், பெரிய இடத்துப் பொண்ணு என்று ஊரெல்லாம் சொன்ன பெருமையும் ஒரே நொடியில் வேறு மாதிரி ஆகிப் போனது மூன்று பேருக்கும் புரிந்தது.

வெல்டர் டீயைக் கீழே வைத்தார். கூண்டின் முன்னால் குந்தினார். இந்த அளவில், இந்தக் கட்டத்தில் வலை போட்டுக் கூண்டு செய்கிறவர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அந்தக் காலும் அந்த வலையும் எப்படிப் பொருந்தியது என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அக்கா உள்ளே வந்து நாயைத் தூக்கினாள். அது வர மறுத்தது. விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

"இனி ஒரு கூண்டுகூட இங்கேருந்து போகக் கூடாது" என்றாள்.

சண்டை அடுப்படியில் நடந்தது. வெல்டர் அவ்வளவு பேசி அந்த வீடு கேட்டதில்லை. நான் இரும்பை ஒட்டுகிறவன், உள்ளே எதைப் போடுகிறான், எவ்வளவு நாள் போடுகிறான் என்று நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். விற்கிற வரைக்கும் ரெண்டு நாள் வைப்பதற்கு என்றுதான் அவன் சொன்னான் என்றார். தினம் உலை வைக்கிறாயே, அது எதிலிருந்து வருகிறது என்றார். அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் செய்யலேன்னா இன்னொருத்தன் செஞ்சு குடுப்பான்" என்றார் கடைசியாக.

"குடுக்கட்டும். அவனை அவன் பொண்டாட்டி கேட்டுக்குவா. உங்களை நான்தான் கேக்கணும்."

தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்க வெளியே வந்த அக்கா, கொட்டகையில் ஆள் நிற்பதைப் பார்த்தாள். வெல்டர் மீதமிருந்த வலைத் துண்டு ஒன்றை இரண்டு கட்டைமேல் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்திருந்தார். இரும்பிலேயே காய்த்துப் போன கால். ஆனாலும் நெற்றியில் வேர்வை. அவர் இறங்கினார். உள்ளங்காலில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"ஒரு டீ குடிக்கிற நேரம் நிக்க முடியல" என்றார்.

"பால் வாங்கிட்டு வரேன்" என்றாள் அக்கா.

கொட்டகை மூடிக் கிடந்தது. குட்டிக்காரர் போன் போட்டுப் பார்த்தார். வெல்டர் எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் வண்டியோடு அவரே வந்து இறங்கினார். எப்போதும் சிரித்த முகம். மடிப்புக் கலையாத சட்டை; அதைத் தேய்த்துக் கொடுத்ததே இஸ்திரிக்காரிதான்.

"என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா? தங்கச்சி, ஒரு போன் எடுத்துச் சொல்லக் கூடாதா? எட்டுப் பெட்டை குட்டி போட்டுத் தரையில கிடக்கு, கூண்டு இல்லாம" என்று வெல்டரையும் அக்காவையும் உரிமையோடு கேட்டுக்கொண்டே வந்தவர், அக்காவின் காலோரம் நின்ற பொட்டலத்தைப் பார்த்தார். முடி வளர்ந்து, கண் தெளிந்து, மெத்தென்று இருந்தது. குனிந்து தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நாய் உறைந்து நின்றது.

"அட, இது ஏழாம் கூண்டு! தூக்கிப் போட்டுட்டு வாடான்னா, எங்க ஆளு ஆஸ்பத்திரி வாசல்லயா போட்டான்?" அவர் குரலில் கூச்சமே இல்லை, காணாமல் போன குடை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. "பரவாயில்லையே தங்கச்சி, நல்லாத் தேத்தி வச்சிருக்க. இன்னும் ரெண்டு ஈத்து தாங்கும்."

"தாங்காது. கர்ப்பப்பையே இல்லை. சீழ் பிடிச்சு எடுத்தாச்சு" என்றாள் அக்கா.

"எடுத்தாச்சா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நாயைத்தான் கேட்டோம். சரின்னுச்சு."

குட்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வியாபாரம் தெரிந்த மனிதர். எங்கே விட்டுக்கொடுத்தால் எங்கே பிடிக்கலாம் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகாது. "சரி, ஆசையா வளர்த்துட்ட. அது உனக்கு, என் பரிசுன்னு வச்சுக்க. இனிமே நான் கேக்க மாட்டேன். மாஸ்டர், முடிஞ்ச கூண்டை ஏத்துங்க. மிச்சத்தை அடுத்த வாரம் முடிச்சுக் குடுங்க. முன்னை மாதிரியே போகலாம்" என்றார்.

மேசைக்குப் பின்னாலிருந்து இஸ்திரிக்காரி, "அண்ணி, சரின்னு சொல்லிருங்க" என்று மெல்லச் சொன்னாள். பயத்தில் சொன்னதுதான். நாயும் வீட்டோடு இருக்கும், அடுப்பும் அணையாது. அக்காவின் தொண்டை வரைக்கும் அந்தச் 'சரி' வந்தது உண்மை. பொட்டலத்தைத் தூக்கி மாரில் வைத்துக்கொண்டாள். அதன் பாதம் அவள் கையில் இருந்தது. தேறியது என்று பெயர்தான். அந்த விரல்கள் இனி ஒருநாளும் குவியாது. ஏழாம் கூண்டு என்றால், ஆறும் எட்டும் இருக்கிறது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவள் பார்ப்பதற்குள் அவர் கொட்டகைக் கதவைத் திறந்திருந்தார்.

"தரையை மாத்தித் தரேன். தகடு போட்டு, மேல பலகை வச்சு. கொஞ்சம் அகலமாவும் செய்யலாம்" என்றார் வெல்டர்.

"அப்புறம் தினம் யார் கழுவறது? வலை உங்க யோசனைதானே மாஸ்டர்?"

"என் யோசனைதான். அதனாலதான் நானே அறுக்கறேன்."

கிரைண்டரை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் கூண்டைக் கவிழ்த்து வைத்து வலையின் ஓரத்தில் சக்கரத்தை வைத்ததும், பொறி ஓர் ஆள் உயரத்துக்கு அடித்தது. குட்டிக்காரர் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஏதோ கத்தினார், இரும்புச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று வெல்டர் நிமிரவே இல்லை. தான் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். வலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சத்தம் அடங்கியபோது குட்டிக்காரரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் இரும்பு அது."

"உங்க இரும்புதான். ஏத்திக்கிட்டுப் போங்க. வலையில்லாம ஏத்திக்கிட்டுப் போங்க."

அடியில்லாத கூண்டுகளை வண்டிக்காரன் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான். குட்டிக்காரர் வண்டியில் ஒரு காலை வைத்தவர், அக்கா பக்கம் திரும்பினார். இப்போது 'தங்கச்சி' என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணைத் தூக்கி வச்சுக் கொஞ்சறது சுலபம்மா. நிக்க மாட்டாம, பெக்க மாட்டாம என்கிட்ட எத்தனை கிடக்கு தெரியுமா? அத்தனையும் கொண்டாந்து உன் வாசல்ல கொட்டினா என்ன பண்ணுவ?"

"கொட்டுங்க" என்றாள் அக்கா.

"வாயைப் பாரு" என்றார் குட்டிக்காரர்.

"வாய் இல்லீங்க, வாசல். திறந்துதான் இருக்கும். கொண்டாந்து கொட்டுங்க."

வண்டி போயிற்று. அன்று மூன்று பேரும் சேர்ந்து அறுத்த வலைகளைச் சுருட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் வந்த நாட்கள் நல்ல நாட்கள் என்று சொல்ல முடியாது. வெல்டர் பையில் உளியையும் சுத்தியலையும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், கேட் கதவின் கீல் ஆடுகிறதா, கொடிக்கம்பி அறுந்திருக்கிறதா என்று கேட்டார். பாதி நாள் வெறுங்கையோடு வந்தார். குட்டிக்காரர் சொன்னதாலோ என்னவோ, துணி கொடுக்கிற இரண்டு வீடு நின்றுபோனது. இஸ்திரிக்காரி அதற்கு, கரி மிச்சம் என்றாள். குழம்பில் தண்ணீர் ஏறியது. கோழி பொட்டலத்துக்கு மட்டும் வந்தது. அக்கா அதை மண்ணில் நடக்கப் பழக்கினாள். குளியலறைக் கம்பி மூடிமேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டு, கொல்லைப் புல்லில் கொண்டுபோய் நிறுத்துவாள். காலுக்குக் கீழே ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்றுக்குப் போக அதற்கு அவ்வளவு பயம். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் கூடவே நிற்பாள். "போ. உலகம் பூராவும் தரைதான். எங்க வேணா போகலாம்" என்பாள். ஒரு நாள் அது புல்லிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அன்றைக்கு இஸ்திரிக்காரி எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மழை வெறித்திருந்த ஒரு காலை. வெல்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டி வருகிற வேகத்தைக் கேட்டே இஸ்திரிக்காரிக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வாசலுக்கு நேராக நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. பின்கதவைத் திறந்து ஓர் ஆள் குதித்தான். காய்கறிக் கூடை மாதிரி கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி, இறக்கி என்ன, போட்டு, சாக்கால் மூடியிருந்ததைக்கூட எடுக்காமல், மறுபடி ஏறிக்கொண்டான். முன்னிருக்கையில் குட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கவில்லை. இந்த வீடு என்ன செய்யும் என்று பார்க்க வந்திருந்தார்.

இஸ்திரிக்காரி முதல் சாக்கை விலக்கினாள். உள்ளே முடியும் மலமும் ஒன்றாகக் காய்ந்த உருண்டைகள். ஒன்று அசைந்தது. அடுத்த கூடையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. இன்னொன்றில் கண்ணே இல்லாத ஒன்று, ஆள் வாசனை வந்த பக்கம் முகத்தைத் தூக்கியது. எல்லாவற்றுக்கும் பூ விரிந்த மாதிரி கால். கூடைகளின் நாற்றம் தெருவை அடைத்தது. எதிர்வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர், கூடைகளைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரோடு திரும்பினார். வெல்டர் பையைக் கீழே போட்டார். அக்கா சீப்பு செருகிய தலையோடு ஓடிவந்தவள், கண்ணில்லாததைத் தூக்கி மாரோடு வைத்துக்கொண்டு, "இதுக்கு மூச்சு இழுக்குது. முதல்ல இது. என்னங்க, சைக்கிளை எடுங்க, டாக்டரம்மாவை எழுப்பணும்" என்றாள். அவள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் குட்டிக்காரருக்குப் பிடிக்கவில்லை போலும். கையைக் காட்டினார். வண்டி நகர்ந்தது.

இஸ்திரிக்காரி இரண்டு கைகளிலும் இரண்டு நாய்களோடு, வாளித் தண்ணீரில் சேலையெல்லாம் நனைந்து ஒழுக, நடுத்தெருவுக்கு வந்து நின்றாள். வண்டிக்குப் பின்னால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் எடுத்தாள்.

"அவ்வளவுதானா? வண்டி பாதி காலியாத்தான வந்துச்சு! போய் மிச்சத்தையும் கொண்டா!"